செசில் சிங்கம், 2015: ஒரு வேட்டை, ஒரு உலகக் கோபம், அதற்குப் பிறகு நடந்தவை

இது 2015-ல் ஜிம்பாப்வேயின் ஹுவாங்கே தேசியப் பூங்காவை ஒட்டி நடந்த ஒரு சிங்க வேட்டையைப் பற்றிய பதிவு. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் அப்போதே உலகம் முழுக்க அடிபட்டுவிட்டன, இங்கே அவை தேவையில்லை. சிங்கத்தின் பெயரை மட்டும் விட முடியாது, நடந்ததில் பாதி அந்தப் பெயரால் நடந்தது.

டிராபி வேட்டை, அதாவது தலையையும் தோலையும் சுவரில் மாட்டுவதற்காகக் காசு கட்டி மிருகத்தைச் சுடுவது, சரியா தப்பா என்ற சண்டையைத் தீர்க்க இதை எழுதவில்லை. எனக்குத் தனிப்பட்ட முறையில் அது பிடிக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஊரே கோபப்பட்டபோது அந்தக் கோபம் எந்த உயிரைக் கணக்கில் எடுத்தது, எதை எடுக்கவில்லை, அதன் பேரில் அவசரமாக எடுத்த முடிவுகள் யார் தலையில் விழுந்தன என்பதை வரிசையாகப் பார்த்தால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

பின்னணி

ஹுவாங்கே ஜிம்பாப்வேயின் மிகப் பெரிய தேசியப் பூங்கா, சுமார் 14,600 சதுர கிலோமீட்டர். சிங்கங்களைத் தடுக்கும் வேலி கிடையாது. கிழக்குப் பக்கத்தில் புலவாயோவிலிருந்து விக்டோரியா அருவிக்குப் போகும் ரயில் பாதை ஓடுகிறது, அந்த இடத்தில் அதுதான் எல்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வேட்டைக்குத் தடை. அந்தப் பக்கம் தனியார் நிலங்கள், வனத்துறை நிலங்கள், ஊர்ப் பொது நிலங்கள். அங்கே ஒதுக்கீடும், அதாவது அந்த ஆண்டு அந்த நிலத்தில் இத்தனை சிங்கம் சுடலாம் என்ற கணக்கும், அனுமதிச் சீட்டும் இருந்தால் சிங்கத்தைச் சட்டப்படியே சுடலாம். சிங்கத்துக்கு இதெல்லாம் தெரியுமா என்ன, இரை போன பக்கம் அதுவும் போகும்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று 1999 முதல் இங்குள்ள சிங்கங்களுக்குக் காலர், அதாவது இருப்பிடத்தைச் சிக்னலாக அனுப்பும் கழுத்துப் பட்டை, மாட்டிப் பின்தொடர்ந்து வந்தது. ஆரம்ப ஆண்டுகளில் அவர்கள் அடையாளமிட்ட 62 சிங்கங்களில் 34 இறந்தன, அதில் 24-ஐச் சுட்டவர்கள் விளையாட்டு வேட்டைக்காரர்கள். எல்லையில் ஒரு ஆண் சிங்கம் சுடப்பட்டால் அந்த இடம் காலியாகும், பூங்காவின் உள்ளே இருக்கும் இன்னொரு ஆண் அங்கே நகரும், அதுவும் சுடப்படும். வெளியே நடக்கும் வேட்டை உள்ளே இருக்கும் சிங்கங்களையும் இப்படி மெல்ல உறிஞ்சி எடுக்கிறது என்று 2007-லேயே அவர்கள் கட்டுரையாக வெளியிட்டார்கள். இதற்கிடையில் 2005 முதல் 2008 வரை அந்தப் பகுதியில் சிங்க வேட்டை நிறுத்தப்பட்டது, பிறகு குறைந்த ஒதுக்கீட்டில் திரும்பத் திறக்கப்பட்டது. ஆக, காலர் போட்ட ஹுவாங்கே சிங்கம் வேட்டையில் சாவது 2015-ல் திடீரென்று முளைத்த விஷயமல்ல. முந்தைய 24-க்கும் யாரும் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை.

செசில் அப்போது சுமார் 13 வயது ஆண் சிங்கம், ஒரு காட்டுச் சிங்கத்துக்கு நல்ல முதிர்ந்த வயது. பிடரி கருத்து அடர்ந்திருக்கும், அதனால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். சுற்றுலா ஜீப்களுக்குப் பழகிப்போய் சில மீட்டர் தூரத்தில் அலட்டாமல் படுத்திருக்கும், புகைப்படக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அந்தப் பகுதியைப் பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் கொண்டுவந்த, காலனிய காலத்து செசில் ரோட்ஸின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள். ஜெரிகோ என்ற இன்னொரு ஆணோடு கூட்டுச் சேர்ந்து, பெண் சிங்கங்களும் குட்டிகளும் கொண்ட கூட்டங்களைக் காத்து வந்தது. அந்த இரண்டும் சகோதரர்கள் அல்ல, முன்பு எதிரிகளாக இருந்து பிறகு கூட்டாளிகளானவை.

ஜூலை 1 இரவு

அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேட்டைக்காரர், தொழிலால் பல் மருத்துவர், சுமார் 50,000 டாலர் கொடுத்து வில் அம்பு வேட்டைக்கு ஏற்பாடு செய்திருந்தார். உள்ளூர் தொழில்முறை வழிகாட்டி ஒருவர் கூட இருந்தார். இடம் பூங்காவை ஒட்டிய ஒரு தனியார் நிலம். அங்கே ஒரு யானையின் உடலை இரையாக வைத்துச் சிங்கத்தை வரவழைத்தார்கள். இரவு அம்பு பட்டது, ஆனால் சாகவில்லை. மறுநாள் காலை தேடிப்போய்க் கொன்றார்கள்.

முதலில் வந்த செய்திகளில் 40 மணி நேரம் துடித்தது, கடைசியில் துப்பாக்கியால் சுட்டார்கள் என்று இருந்தது. காலர் தரவுகளை வைத்து ஆய்வாளர்கள் பிறகு கணக்கிட்டபோது அது சுமார் 10 முதல் 12 மணி நேரம் என்றும், கொன்றதும் அம்புதான் என்றும் தெரிந்தது. பத்து மணி நேரம் ஒன்றும் லேசான சாவு அல்ல. ஆனால் உலகம் கோபப்பட்டது 40 மணி நேரக் கதையைக் கேட்டு, அந்த எண் இன்றைக்கும் பல இடங்களில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

தலையும் தோலும் எடுக்கப்பட்டன. காலரை அகற்றிவிட்டார்கள், சில நாளில் சிக்னல் நின்றது, ஆய்வுக் குழுவுக்குச் சந்தேகம் வந்தது, விசாரணை தொடங்கியது. காலர் போட்ட சிங்கத்தைச் சுடக்கூடாது என்று சட்டம் இல்லை, இதைக் கவனிக்க வேண்டும். பிரச்சினை வேறு: அந்த ஆண்டு அந்த நிலத்துக்குச் சிங்க ஒதுக்கீடே இல்லை என்று ஜிம்பாப்வே அதிகாரிகள் சொன்னார்கள்.

ஜூலை கடைசி வாரம்

ஜூலை 28 வாக்கில் வேட்டைக்காரரின் பெயர் வெளியே வந்தது. மறுநாள் மட்டும் உலகம் முழுக்க ஊடகங்களில் செசிலைப் பற்றி 11,000-க்கு மேல் செய்திகள் வந்தன என்று ஆக்ஸ்ஃபோர்டு குழு பிறகு எண்ணிச் சொன்னது. ஒரு நாட்டில் ஆரம்பித்து அடுத்த நாட்டுக்குப் பரவியதாகத் தெரியவில்லையாம், எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெடித்திருக்கிறது. அமெரிக்க இரவுத் தொலைக்காட்சி ஒன்றில் நிகழ்ச்சி நடத்துபவர் தொண்டை அடைக்கப் பேசி, ஆய்வுக் குழுவுக்கு நன்கொடை தரச் சொன்னார், சில வாரங்களில் சுமார் 10 லட்சம் டாலர் சேர்ந்தது. வேட்டைக்காரரை ஜிம்பாப்வேயிடம் ஒப்படைக்கச் சொல்லி வெள்ளை மாளிகைக்கு 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள்.

அவருடைய மருத்துவமனை பூட்டப்பட்டது. வாசலில் சிங்கப் பொம்மைகளையும் பூக்களையும் குவித்தார்கள், கொலை மிரட்டல்கள் வந்தன. விடுமுறைக்கு என்று அவர் வைத்திருந்த இன்னொரு வீட்டின் கராஜ் கதவில் 'சிங்கக் கொலைகாரன்' என்று ஸ்பிரே அடித்துவிட்டு, போகிற போக்கில் வண்டி ஏறும் பாதையில் பன்றிக்கால்களைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தப் பன்றிக்கால்கள் என் மனசை விட்டுப் போகவில்லை. ஒரு மிருகம் அநியாயமாகச் செத்தது என்று ஆத்திரப்பட்டு வந்தவர்கள், அந்த ஆத்திரத்தைக் காட்ட வாங்கி வந்தது வேறு மிருகங்களின் வெட்டிய கால்களை. அதைச் செய்தவருக்கு அதில் எந்த முரணும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன், செய்தியைப் படித்த பெரும்பாலோருக்கும் தெரியவில்லை. பன்றிக்கால் கடையில் கிடைக்கும் ஒரு பொருள், அவ்வளவுதான். அதே கண்தான் இரையாகக் கிடந்த யானையையும் பார்க்கவில்லை. அந்த யானை எப்படிச் செத்தது, அது எத்தனை வயது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு, அன்று அந்த நிலத்தில் கிடந்ததிலேயே பெரிய மிருகம் அதுதான்.

கவனித்தவை

அதே ஹுவாங்கேயில் 2013-ல் தண்ணீர்க் குட்டைகளிலும் உப்புத் தரைகளிலும் சயனைடு கலந்து 100-க்கு மேற்பட்ட யானைகளைத் தந்தத்துக்காகக் கொன்றார்கள். செத்த யானைகளைத் தின்ற மற்ற மிருகங்களும் செத்தன. செய்தி வந்தது, கண்டனம் வந்தது, ஆனால் யார் வீட்டு வாசலிலும் யானைப் பொம்மை குவியவில்லை. செசில் செத்து மூன்று மாதமே ஆகியிருந்த 2015 அக்டோபரில் அங்கேயே மறுபடி பல யானைகள் சயனைடுக்குப் பலியாயின. அதற்கும் பெரிய சத்தம் இல்லை.

ஏன் என்று யோசித்தால் விடை ஒன்றல்ல. செசிலுக்குப் பெயர் இருந்தது, படம் இருந்தது, வரலாறு இருந்தது. கொன்றவருக்கும் முகம் இருந்தது, அதிலும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு செத்த மிருகங்களோடு நிற்கும் பழைய புகைப்படங்கள் இருந்தன. காசு இருந்தது, ஏமாற்று வேலை நடந்திருக்கலாம் என்ற வாசனை இருந்தது. சயனைடு வைத்தவர்கள் பெரும்பாலும் அடையாளம் தெரியாத ஏழைகள். ஏழை வில்லனைத் திட்டுவதில் யாருக்கும் அவ்வளவு திருப்தி கிடைப்பதில்லை. நூறு யானை என்பது ஒரு எண். பெயர் வைத்த ஒரு சிங்கம் நமக்குத் தெரிந்தவர் மாதிரி ஆகிவிடுகிறது.

ஜிம்பாப்வேயில் நிலைமை தலைகீழ். செய்தியாளர்கள் கருத்துக் கேட்டபோது அங்கே பொறுப்பிலிருந்த தகவல் துறை அமைச்சர், 'எந்தச் சிங்கம்?' என்று திருப்பிக் கேட்டார். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு ஜிம்பாப்வே மாணவர், நாங்கள் சிங்கத்துக்காக அழுவதில்லை என்ற பொருளில் ஒரு அமெரிக்க நாளிதழில் எழுதினார். சின்ன வயதில் தன் ஊர்ப் பக்கம் ஒரு சிங்கம் சுற்றியபோது வெளியே போகவே பயந்து கிடந்ததையும், அது செத்தபோது ஊர் ஆடிப்பாடியதையும், கொன்றது உள்ளூர்க்காரரா வெளிநாட்டுக்காரரா என்று யாரும் கேட்கவில்லை என்பதையும் சொன்னார். இதை மிகை என்று தள்ள முடியாது. ஆப்பிரிக்காவின் இன்னொரு நாடான தான்சானியாவில் மட்டும் 1990-க்கும் 2004-க்கும் இடையில் 563 பேருக்கு மேல் சிங்கங்களால் இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயராவது வெளியுலகில் யாருக்காவது தெரியுமா?

சிங்கங்கள் எதனால் குறைகின்றன என்பதும் கோபத்தின் கண்ணில் படவில்லை. ஆப்பிரிக்கா முழுக்க மிஞ்சியிருப்பவை 20,000 அளவில். 1993-லிருந்து 2014-க்குள் ஏறத்தாழ 43 சதவீதம் குறைந்ததாக மதிப்பீடு. முக்கியக் காரணங்கள் வாழிடம் சுருங்குவது, இரை மிருகங்கள் இறைச்சிக்காகப் பிடிக்கப்படுவது, சுருக்குக் கம்பிகள், மாட்டைக் கொன்ற சிங்கத்தை ஊர்க்காரர்கள் பழிவாங்குவது. டிராபி வேட்டை சில இடங்களில் நிச்சயம் சேதம் செய்கிறது, ஹுவாங்கேயே சாட்சி. ஆனால் கண்டம் முழுக்கப் பார்த்தால் அது முதல் காரணமல்ல.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஜிம்பாப்வே, ஹுவாங்கேயைச் சுற்றி சிங்கம், சிறுத்தை, யானை வேட்டையை நிறுத்தியது. பத்து நாள் போல ஆனதும் தடை விலகியது. வெளி அழுத்தத்துக்குப் போட்ட தடை, உள்ளே வருமானம் நின்றுவிடும் என்ற அழுத்தத்தில் கரைந்தது, வேறு எப்படி விளங்கிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதே வாரத்தில் அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகியவற்றின் டிராபிகளை ஏற்ற மறுப்பதாக அறிவித்தன. அவர்களுக்கு இது சுலபமான முடிவு. இழப்பு சொற்பம், நல்ல பெயர் ஏராளம். பிரான்ஸ் நவம்பரில் சிங்க டிராபி இறக்குமதியை நிறுத்தியது, ஆஸ்திரேலியா செசிலுக்கு முன்பே அந்த மார்ச்சில் நிறுத்தியிருந்தது. டிசம்பரில் அமெரிக்கா ஆப்பிரிக்கச் சிங்கத்தை அழிவுநிலை உயிரினச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது, அதன்படி கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கச் சிங்கங்களின் டிராபி வர வேண்டுமானால், அந்த வேட்டை சிங்கங்களின் பிழைப்புக்கு உதவுகிறது என்று காட்டி அனுமதி வாங்க வேண்டும். இந்த விஷயம் பல ஆண்டுகளாகப் பரிசீலனையில் இருந்தது, செசிலால் முளைத்ததல்ல. எல்லா முடிவுகளிலும் இது ஒன்றுதான் யோசித்து எடுத்ததாக எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் மூடு அல்லது திற என்று சொல்லாமல், வேட்டை நடத்தும் நாடு கணக்குக் காட்டு என்று கேட்டது.

வழக்கு ஒன்றுமில்லாமல் போனது. அக்டோபரில் ஜிம்பாப்வே அமைச்சர், அமெரிக்கரின் காகிதங்கள் சரியாக இருந்தன, அவர் மேல் குற்றம் சாட்டப்போவதில்லை என்றார். இதே அமைச்சர்தான் ஜூலையில் அவரை ஒப்படைக்கச் சொல்லி முழங்கியவர். வழிகாட்டி மேல் போட்ட வழக்கை 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, குற்றச்சாட்டில் சொன்ன செயல் குற்றமாகவே அமையவில்லை என்பது காரணம். இத்தனை கையெழுத்துக்கும் இத்தனை மிரட்டலுக்கும் பிறகு ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஒதுக்கீடு இல்லாத நிலத்தில் சுட்ட சிங்கத்தை இன்னொரு இடத்து ஒதுக்கீட்டில் எழுதிக்கொள்வது அந்தத் தொழிலில் நடப்பது என்று அப்போது பேசப்பட்டது. அந்த ஓட்டையைப் பற்றித்தான் உலகம் கூச்சல் போட்டிருக்க வேண்டும், அது சலிப்பூட்டும் விஷயம் என்பதால் யாரும் போடவில்லை.

பிறகு நடந்தவை

முதலில் பயந்தது குட்டிகளைப் பற்றி. கூட்டத்து ஆண் செத்தால் புதிதாக வரும் ஆண் பழைய குட்டிகளைக் கொன்றுவிடும், அப்போதுதான் பெண் சிங்கங்கள் மறுபடி சினைக்கு வரும். ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஜெரிகோவும் சுடப்பட்டது என்று ஒரு வதந்தி கிளம்பி அரை நாள் உலகம் துக்கம் கொண்டாடியது. பிறகு பார்த்தால் அது உயிரோடு இருந்தது, குட்டிகளையும் காத்தது. 2016-ல் இயற்கையாகச் செத்தது, அந்தச் செய்தியைப் படித்தவர்கள் சொற்பம்.

2017 ஜூலையில் செசிலின் மகன் சாண்டா, ஆறு வயது, காலர் போட்டது, பூங்கா எல்லைக்கு வெளியே சட்டப்படி சுடப்பட்டது. ஆறு வயது என்பது, சிங்க வேட்டைக்குக் குறைந்தபட்சம் என்று ஆய்வாளர்களே முன்பு சொன்ன வயது. இரண்டு நாள் செய்தி, அப்புறம் அமைதி. இந்த முறை வழிகாட்டி காலரை ஆய்வுக் குழுவிடம் திருப்பிக் கொடுத்தார், வேட்டையும் விதிப்படி நடந்தது. செத்த சிங்கத்துக்கு அதனால் வித்தியாசம் இல்லை, ஆனால் வில்லன் இல்லாததால் கோபத்துக்குப் போக இடமில்லை. பூங்காவைச் சுற்றி 5 கிலோமீட்டருக்கு வேட்டை வேண்டாம் என்று ஆய்வாளர்கள் அப்போது கேட்டார்கள். உருப்படியான கோரிக்கை, அதற்கு 2 லட்சம் கையெழுத்து வரவில்லை.

அதே 2017-ல் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நவம்பரில் அமெரிக்கா, ஜிம்பாப்வே யானை டிராபிகளை அனுமதிக்கப்போவதாக அறிவித்ததும் பெரிய எதிர்ப்பு, அதிபரே ட்விட்டரில் அதை நிறுத்திவைத்தார். அதற்குச் சில வாரம் முன்பே ஜிம்பாப்வே சிங்க டிராபிகளுக்கு அனுமதி திறந்துவிடப்பட்டிருந்தது. செசிலின் நாட்டுச் சிங்கங்கள்தான், ஆனால் அந்த நவம்பர் யானைகளின் மாதம்.

நன்கொடைப் பணத்துக்கு வருவோம். கோபத்தால் உறுதியாக விளைந்த நல்லது அதுதான், மறைக்க வேண்டியதில்லை. ஹுவாங்கேயில் ஆய்வுக் குழு 'நீண்ட கேடயங்கள்' என்று ஒரு காவலர் குழுவை நடத்துகிறது, உள்ளூர்க் கிராமங்களிலிருந்தே ஆட்கள். காலர் போட்ட சிங்கம் ஊர்ப் பக்கம் வருகிறது என்று போனில் தகவல் வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மாடு மேய்ப்பவர்களை எச்சரிக்கிறார்கள், கூட்டமாகச் சேர்ந்து உவுசெலா ஊதிச் சிங்கத்தை விரட்டுகிறார்கள். ஆமாம், 2010 கால்பந்து உலகக் கோப்பையில் காதைக் கிழித்த அதே ஊதுகுழல். இரவில் மாடுகளை அடைக்க, உள்ளே இருப்பது தெரியாதபடி கனத்த துணியால் சுற்றிக் கட்டிய நகரும் பட்டிகள் வைக்கிறார்கள். மாட்டைப் பார்க்க முடியாவிட்டால் சிங்கம் பெரும்பாலும் உள்ளே பாய்வதில்லை. அந்தப் பட்டியை வயலுக்கு வயல் நகர்த்தினால் சாணம் எருவாகிவிடும், அதனால் ஊர்க்காரர்களே கேட்டு வாங்குகிறார்கள்.

எதை வேறு மாதிரி செய்திருக்கலாம்

வேட்டையைச் சுற்றி இருந்தவர்கள் தரப்பில், ஒதுக்கீடு எந்த நிலத்துக்கு, எந்த ஆண்டு, எத்தனை என்பது யாரும் பார்க்கும்படி வெளியே இருந்திருந்தால் இந்த வழக்கின் பாதி ஒரே நாளில் தெளிந்திருக்கும். காலர் போட்ட மிருகத்தைத் தொடக்கூடாது என்று மட்டும் விதி போடுவது எனக்கு உடன்பாடில்லை, காலர் இல்லாத சிங்கம் மட்டம் என்று ஆகிவிடும். 5 கிலோமீட்டர் விதி எல்லாச் சிங்கத்துக்கும் பொது.

தடை போட்ட நாடுகள் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விட்டன. ஜிம்பாப்வேயில் 1980-களின் கடைசியிலிருந்து கேம்ப்ஃபயர் என்ற திட்டம் இருக்கிறது, காட்டு மிருகத்தோடு வாழும் ஊர்களுக்கு வேட்டை வருமானத்தில் பங்கு என்பதுதான் அதன் அடிப்படை. பங்கு ஒழுங்காக ஊருக்குப் போய்ச் சேர்வதில்லை, மாவட்ட நிர்வாகத்திலேயே தங்கிவிடுகிறது என்ற புகார் பழையது, நியாயமானதும்கூட. ஆனால் அந்தக் குறைந்த காசையும் நிறுத்தச் சொல்பவர்கள், அதற்குப் பதில் என்ன என்பதை அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். படம் எடுக்கும் சுற்றுலா வரும் என்றார்கள். பூங்காவின் நல்ல பகுதிகளுக்கு வரும், சாலையும் தண்ணீரும் இல்லாத, புதர் மண்டிய ஓரத்துக்கு யார் வருவார்கள்? அந்த ஓரத்தில்தான் சிங்கமும் மாடும் சந்தித்துக்கொள்கின்றன. போட்ஸ்வானா 2014-ல் வேட்டையை நிறுத்திவிட்டு 2019-ல் மறுபடி திறந்ததற்கும், 2024-ல் டிராபி இறக்குமதியை இறுக்கப் பார்த்த ஜெர்மனிக்கு 20,000 யானைகளை அனுப்பிவைக்கிறேன் என்று போட்ஸ்வானாவின் அப்போதைய அதிபர் சீறியதற்கும் பின்னால் இருந்தது இந்தக் கேள்விதான். இன்னொரு பக்கம் கென்யா 1977 முதல் வேட்டையே இல்லாமல் ஓட்டுகிறது, ஆக வழி ஒன்றுதான் என்று யாரும் சாதிக்க முடியாது.

கோபப்பட்டவர்களிடம் நான் எதிர்பார்த்திருக்கக்கூடியது மிகச் சிறியது. கொன்றவருடைய வீட்டு முகவரியைத் தேடிய நேரத்தில் கால்வாசியை, அந்த இரவில் பக்கத்து ஊரில் எத்தனை மாடு போயிற்று, போன மாட்டுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்பதில் செலவிட்டிருக்கலாம். ஜிம்பாப்வேயில் சிங்கம் அடித்த மாட்டுக்கு அரசு இழப்பீடு கிடையாது அப்போது. மாடு போனவர் பட்டியைச் சரிசெய்வார், அல்லது மிச்சமிருக்கும் மாட்டு உடலில் விஷம் தடவுவார். இரண்டாவதைச் செய்தால் ஒரே ராத்திரியில் ஒரு கூட்டமே போய்விடும், அதில் பெயர் வைத்த சிங்கமும் இருக்கலாம், கழுகுகள் கட்டாயம் இருக்கும்.